சைக்கிளைப் பறிகொடுத்தவன்

ஒருவனுக்கு வேலை கிடைக்கிறது. சைக்கிள் இருந்தால்தான் வேலை. சைக்கிளோ அடகுக் கடையில் இருக்கிறது! மனைவி வீட்டிலுள்ள படுக்கை விரிப்புகளை எல்லாம் மூட்டை கட்டி அடகு வைத்து, சைக்கிளை மீட்டுத் தருகிறாள். முதல் நாள். சுவரில் போஸ்டர் ஒட்டிக்கொண்டு நிற்கிறான். சைக்கிள் களவு போய்விடுகிறது.

கதை இவ்வளவுதான். மீதிப் படம் முழுவதும் அவனும் அவனுடைய சின்ன மகனும் ரோமாபுரித் தெருக்களில் சைக்கிளைத் தேடி அலைகிறார்கள்.

1948-ல் வெளிவந்த இத்தாலியப் படம் இது. பெயர், "பைசிகிள் தீவ்ஸ்". சைக்கிள் திருடர்கள் என்று பொருள். டைரக்டர், விட்டோரியோ டி சிகா.

அவன் ஒட்டிய போஸ்டரில் இருந்தவர் யார் தெரியுமா? அமெரிக்க நட்சத்திரம் ரீட்டா ஹேவொர்த்! சுவரிலே சிங்காரி, சுவருக்குக் கீழே, பிழைப்பைப் பறிகொடுத்தவன். அமெரிக்கப் படம் உயர்ந்ததா, ஐரோப்பியப் படம் உயர்ந்ததா என்று வாதாடும் ரசிகர்கள் இந்தக் காட்சியைப் பார்க்கவேண்டும்.

கோட்டுப் போட்ட ஏழை

படம் எடுக்க டி சிகாவிடம் பணம் இல்லை. "கான் வித் த விண்ட்" படத்தைத் தயாரித்த அமெரிக்கப் பட முதலாளி செல்ஸ்னிக் பணம் தர முன்வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை. கதாநாயகனாக கேரி கிராண்ட் நடிக்கவேண்டும்.

கேரி கிராண்ட் நல்ல நடிகர். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மடிப்புக் கலையாத கோட்டுடன் ஊரே பார்த்துப் பழகிய மனிதர், சைக்கிள் போய்விட்டதே என்று அழுதால் யார் நம்புவார்கள்? நாளைக்கே கார் வாங்கிவிடுவார் என்றல்லவா நினைப்பார்கள்!

டி சிகா மறுத்துவிட்டார். பணத்தை வேறு இடத்தில் திரட்டினார். லாம்பர்ட்டோ மாகியோரானி என்ற ஆலைத் தொழிலாளியைக் கதாநாயகன் ஆக்கினார். மகனாக நடித்த என்ஸோ ஸ்டயோலா, தெருவில் நின்று படப்பிடிப்பை வேடிக்கை பார்த்த சிறுவன்.

சைக்கிள் கிடைக்கவில்லை. கடைசியில் அந்தத் தகப்பன், தானே ஒரு சைக்கிளைத் திருடுகிறான். கூட்டம் துரத்திப் பிடிக்கிறது. மகன் கண் முன்னாலேயே அறை விழுகிறது. சிறுவன் அழுவதைப் பார்த்து, சைக்கிளின் சொந்தக்காரர் மனம் இளகி விட்டுவிடுகிறார். அப்பா அழுகிறார். மகன் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறான். இருவரும் கூட்டத்தோடு நடந்து போகிறார்கள். படம் முடிந்தது. "சுபம்" இல்லை.

1952-ல் இந்தியாவில் நடந்த முதல் சர்வதேசப் படவிழாவில் இந்தப் படம் காட்டப்பட்டது. பம்பாயில் தொடங்கிய அந்த விழா சென்னைக்கும் வந்தது.

அமெரிக்காவில் இந்தப் படத்துக்கு இரண்டு விதமான வரவேற்பு! 1950-ல் ஆஸ்கார் சங்கம் கௌரவப் பரிசு கொடுத்தது. அதே ஆண்டில், அங்குள்ள படத்தொழிலின் தணிக்கை அலுவலகம் முத்திரை தர மறுத்தது. காரணம்? சிறுவன் சுவரோரம் சிறுநீர் கழிக்கப் போகிறானாம்! விலைமாதர் வீட்டுக்குள் நுழையும் காட்சியையும் வெட்டச் சொன்னார்கள். அங்கே படத்தை வெளியிட்டவர் வெட்ட மறுத்துவிட்டார்.

பேசாத முடிவு

அதற்காக, ஹாலிவுட் முழுவதும் வெறும் பகட்டு என்று தள்ளிவிட முடியாது. சார்லி சாப்ளினின் "சிட்டி லைட்ஸ்" அங்கே எடுத்த படம்தானே! 1931-ல் வந்தது. பேசும் படங்கள் வந்து நாலு வருஷம் ஆகியும் சாப்ளின் இதைப் பேசாத படமாகவே எடுத்தார்.

பூ விற்கும் கண் தெரியாத பெண்ணுக்கு ஓர் ஏழை நாடோடி உதவுகிறான். அவளோ அவனைப் பணக்காரன் என்று எண்ணுகிறாள். அவன் கொடுத்த பணத்தால் பார்வை வருகிறது. பிறகு ஒருநாள், கந்தல் உடையில் எதிரே நிற்பவனின் கையைத் தொட்டதும், அவன் யார் என்று புரிகிறது. அத்தோடு சாப்ளின் நிறுத்திவிடுகிறார். கல்யாணம் நடந்ததா, விரட்டிவிட்டாளா, சொல்லவில்லை. லண்டனில் வறுமையில் வளர்ந்தவர் அல்லவா சாப்ளின்! ஏழைக்கு எளிதாகச் "சுபம்" போட அவருக்கு மனம் வரவில்லை.

இனி, டி சிகாவைத் தலையில் வைத்துக் கொண்டாடுபவர்களிடமும் ஒன்று கேட்கவேண்டும். ஏழையின் முகம்தான் வேண்டும் என்று தேடிப்பிடித்த சினிமா, அந்த முகத்துக்குச் சோறு போட்டதா?

படம் முடிந்ததும் மாகியோரானி ஆலைக்குத் திரும்பினார். ஆட்குறைப்பில் வேலை போயிற்று. உலகமெல்லாம் கொட்டகைகளில் அவர் முகத்தைப் பார்த்து ஜனங்கள் கண்ணீர் விட்டார்கள். அவர் ரோமில் வேலை தேடிக்கொண்டிருந்தார். சினிமாவிலும் சின்னச் சின்ன வேடங்கள்தான் கிடைத்தன. 1983-ல் காலமானார்.