அடிமைச் சந்தையை மறைத்த ஊர்

அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி என்ற பெரிய ஆறு ஓடுகிறது. அதன் கரையில், சுமார் 200 அடி உயரமுள்ள மேட்டின் மேல், நாட்செஸ் என்ற சின்ன ஊர் இருக்கிறது.

1960-ல் இந்த ஊரில் 23,791 பேர் இருந்தார்கள். 2020-ல் 14,520 பேர்தான். டயர் ஆலை போயிற்று. காகித ஆலை 2003-ல் மூடப்பட்டது. வேலை தேடி ஜனங்கள் வெளியூர் போய்விட்டார்கள். இன்று ஊருக்கு முக்கியமான பிழைப்பு, உல்லாசப் பயணிகள்தான்.

அவர்களுக்கு எதைக் காட்டுவது? இதுதான் இப்போது அங்கே தகராறு.

எட்டு மூலை மாளிகை

1932 முதல் வசந்த காலத்தில் இங்கே ஒரு விழா நடக்கிறது. பழைய மாளிகைகளைத் திறந்து, டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். பெரிய பெரிய தூண்கள், சர விளக்குகள், வெள்ளிப் பாத்திரங்கள். குடை போல் விரிந்த பாவாடை உடுத்திய பெண்கள் வாசலில் நின்று வரவேற்பார்கள். எல்லாம் பருத்திப் பண்ணையார்கள் கட்டிய வீடுகள்.

இவற்றில் விசித்திரமானது "லாங்வுட்". இதற்கு எட்டு மூலை! ஹாலர் நட் என்ற பண்ணையார் 1860-ல் கட்டத் தொடங்கினார். 1861-ல் வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் சண்டை மூண்டது. வடக்கேயிருந்து வந்த தச்சர்கள், கருவிகளைப் போட்டது போட்டபடி ஊருக்கு ஓடிவிட்டார்கள். திட்டமிட்டது 32 அறை. முடிந்தது கீழ்த்தளத்தில் 9 அறை. அதிலேயே குடும்பம் ஒண்டிக்கொண்டது. 1864-ல் நட் இறந்தார். மேல்மாடிகள் இன்றும் வெறும் செங்கல்லும் மரமுமாக நிற்கின்றன.

பார்க்க வேண்டிய வீடுதான். ஆனால் இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? யார் பருத்தி எடுத்தார்கள்? யார் சுமந்தார்கள்? வெகுகாலம் வரை பயணிகளுக்கு இதை யாரும் விளக்கமாகச் சொல்லவில்லை.

மனிதச் சந்தை

ஊர் எல்லையில் சாலை பிரியும் இடம் ஒன்று உண்டு. அங்கே 1833 முதல் 1863 வரை பெரிய அடிமைச் சந்தை நடந்தது. அந்தப் பக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் சந்தைக்கு அடுத்தபடி இதுதான் பெரியது.

வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது 1808-லேயே தடை செய்யப்பட்டது. ஆனால் உள்நாட்டு வியாபாரத்துக்குத் தடை இல்லை. வர்ஜீனியா முதலிய மாநிலங்களில் அடிமைகளை வாங்கி, விலங்கு பூட்டி, மாதக் கணக்கில் நடத்தியே கொண்டுவந்தார்கள். கப்பலிலும் ஏற்றி வந்தார்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோலப் பார்த்து வாங்கினார்கள். புருஷன் ஒருவனுக்கு, மனைவி வேறொருவனுக்கு, பிள்ளை இன்னொருவனுக்கு!

இந்தச் சந்தை வருமுன்பே நாட்செஸில் விற்கப்பட்ட ஒருவர், ராஜகுமாரர். பெயர் அப்துல் ரகுமான். மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு தலைவரின் மகன். யுத்தத்தில் பிடிபட்டு, 1788-ல் இங்கே விற்கப்பட்டார். 1807-ல் காய்கறி விற்கப் போனபோது, ஒரு வெள்ளைக்கார டாக்டர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். அந்த டாக்டர் ஆப்பிரிக்காவில் வழி தவறி, நோயுற்றுக் கிடந்தபோது, உயிர் காத்தது ராஜகுமாரரின் குடும்பம்! "என்ன விலை வேண்டுமானாலும் தருகிறேன், இவரை விட்டுவிடு" என்று டாக்டர் கெஞ்சினார். எஜமான் மறுத்துவிட்டான். 40 வருஷம் அடிமையாக இருந்தபின், 1828-ல்தான் விடுதலை. மறு வருஷம் ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்தார். சொந்த ஊரை எட்டுமுன் காய்ச்சலில் இறந்தார்.

இப்போது என்ன?

அடிமைச் சந்தை இருந்த இடத்தை 2021-ல் அமெரிக்க தேசியப் பூங்கா இலாகா ஏற்றுக்கொண்டது. உள்ளூர்க் கறுப்பின மக்கள் வருஷக் கணக்கில் கேட்டதன் பலன் இது. அங்கே மாளிகை இல்லை. புல்தரை, விளக்கப் பலகைகள், சிமெண்டில் பதித்த விலங்குகள். அவ்வளவுதான். டிக்கெட்டும் இல்லை.

"சந்தோஷமாகப் பொழுது போக்க வருகிறவர்களிடம் இந்தத் துக்கக் கதை எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பயம் வருமானம் பற்றியது. அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. சின்ன ஊர், வேறு தொழில் குறைவு. ஆனால் விற்கப்பட்டவர்களின் வாரிசுகளும் இதே ஊரில்தான் வசிக்கிறார்கள். அவர்களுக்கும் வரும்படி வேண்டாமா? பாட்டன் கதையைச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லையா?

மாற்றம் தொடங்கிவிட்டது. கறுப்பின வழிகாட்டிகள் வண்டியில் பயணிகளை ஏற்றிக்கொண்டு, மாளிகையையும் காட்டுகிறார்கள், சந்தையையும் காட்டுகிறார்கள். கான்கார்டு என்ற பண்ணையில் பெரிய மாளிகை 1901-ல் எரிந்துபோயிற்று. அடிமைகள் குடியிருந்த செங்கல் வீடு மட்டும் தப்பியது. அதை ஒரு கறுப்பினக் குடும்பம் வாங்கிச் செப்பனிட்டு, பயணிகளுக்குத் திறந்துவிட்டிருக்கிறது.