பக்தி வேறு, பதவித் தகுதி வேறு!

விதைநெல் வாங்கப் போகும் கமக்காரன் சாக்கின் வெளியழகைக் கண்டு விலை பேசுவதில்லை. உள்ளே கைவிட்டு அள்ளி, ஊதிப் பார்த்து, மணி எவ்வளவு பதர் எவ்வளவு என்று அறிந்த பின்னரே மடியை அவிழ்க்கிறான். காணி வாங்கப் போகும் படித்தவரும் பழைய உறுதிகளைப் புரட்டிப் பாராமல் கையொப்பம் வைப்பதில்லை. ஆனால், தம் பிள்ளைகளின் கல்வியை ஒப்படைக்க ஆள் தெரியும்போது மாத்திரம், “நல்ல மனிதர், கடவுள் பக்தி உள்ளவர், இது போதாதா?” என்று கேட்டு வாக்களித்துவிடுவோர் உலகெங்கும் உளர்.

போதாது என்கிறோம் நாம். எத்துணை போதாது என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவிலே ஒரு சிற்றூர் பத்து இலட்சம் டொலர் கொடுத்துச் சாட்சி கூறியிருக்கிறது.

அவ்வூரின் பெயர் டோவர். பென்சில்வேனியா மாநிலத்தில், யோர்க் கவுண்டியில் உள்ளது. அதன் பாடசாலைகளில் அந்நாளில் சுமார் 3,700 மாணவர்கள் பயின்றனர். அவற்றை நிருவகிப்பது மக்களால் தெரியப்படும் ஒன்பதுபேர் கொண்ட பாடசாலைச் சபை. அங்கத்தவர்களின் பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். சம்பளமோ ஒரு சதமும் இல்லை. ஆயினும் வரி விதிப்பது, ஆசிரியரை நியமிப்பது, பாடநூலை அங்கீகரிப்பது யாவும் அச்சபையின் அதிகாரத்தில் அடங்கியவை. சம்பளமில்லாத பதவி என்பதால் அதிகாரமில்லாத பதவி என்று எண்ணுவோர் இதைக் கவனிப்பாராக.

2001 டிசம்பரில் அச்சபையில் அமர்ந்தார் அலன் பொன்செல் என்பவர். மோட்டார் வண்டி திருத்தும் நிலையம் நடத்தியவர். அவர் தொழிலை நாம் குறைகூறோம். கைத்தொழில் செய்பவனும் ஆட்சிச் சபையில் அமர்வதே குடியாட்சியின் அழகு. நாம் கேட்பது அவர் உள்ளக்கிடக்கையைப் பற்றி. பதவியேற்ற மறுமாதமே, 2002 ஜனவரியில், அங்கத்தவர்கள் தத்தம் நோக்கங்களைச் சொல்லும் கூட்டத்தில் அவர் முதலாவதாக வைத்தது படைப்புக் கொள்கை. இரண்டாவது, பாடசாலையில் பிரார்த்தனை. எழுத்தறிவு அல்ல, கணிதம் அல்ல, ஆசிரியர் பற்றாக்குறையும் அல்ல! அவர் வாக்குக் கேட்டு வாசலில் நின்ற நாளில், “உம்முடைய முதல் நோக்கம் யாது?” என்று கேட்ட வாக்காளர் எத்தனைபேர் இருந்திருப்பர்?

பின்னர் பாடத்திட்டக் குழுவின் தலைமை ஓய்வுபெற்ற பொலிஸ்காரரான வில்லியம் பக்கிங்ஹாம் என்பவரிடம் வந்தது. 2004 ஒக்டோபர் 18ஆம் திகதி சபை ஆறுக்கு மூன்று என்ற வாக்கினால் ஒரு தீர்மானம் நிறைவேற்றிற்று. டார்வினின் பரிணாமக் கொள்கையில் குறைகள் உண்டென்றும், ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்னும் வேறொரு விளக்கம் உண்டென்றும் உயிரியல் மாணவர்க்கு உணர்த்த வேண்டும் என்பதே அதன் சாரம். எதிர்த்து வாக்களித்தோருள் இருவர் பதவி துறந்தனர். வழக்கு வந்தால் செலவு தலைக்கு மேல் போகும் என்று சபையின் சொந்த வழக்கறிஞரே முன்கூட்டி எச்சரித்திருந்தார், கேட்பாரில்லை. விசித்திரம் யாதெனில், ஆதரித்துக் கையுயர்த்தியவர்களுட் பெரும்பாலார், அந்த வடிவமைப்புக் கொள்கை என்னவென்று விளக்க இயலாது பின்னர் நீதிமன்றில் விழித்தனர். தமக்கே விளங்காததைப் பிள்ளைக்கு விளக்கச் சட்டம் செய்தவர்களை எப்பெயரிட்டு அழைப்பது?

“இருபக்கமும் சொல்லிக் கொடுத்தால் என்ன குற்றம்?” என்று அவர்களுக்காக வாதாடுவோர் இன்றும் உளர். வாதம் கேட்க இனிது; ஆராய்ந்தால் பொய். சோதனைக்கு உட்பட்டு நின்றதும், சோதனைக்கே வராததும் ஒரு தராசில் இரு தட்டாகா. நம்பிக்கையைப் போதிக்க ஆலயம் உண்டு, வீடு உண்டு. விஞ்ஞான வகுப்பு அதற்குரிய இடமன்று. இதை முதலில் உணர்ந்தவர்கள் அவ்வூர் விஞ்ஞான ஆசிரியர்களே. அந்த அறிக்கையை வகுப்பில் வாசிக்க அவர்கள் மறுத்தனர். 2005 ஜனவரியில் நிருவாகிகளே வகுப்பினுள் புகுந்து வாசிக்க நேர்ந்தது.

இதற்கு முன்பே, 2004 டிசம்பரில், பெற்றோர் பதினொருவர் வழக்குத் தொடுத்திருந்தனர். அவர்களுள் ஒருவர் பிறையன் றேம். டோவர் உயர்பாடசாலையில் பௌதிகம் கற்பித்தவர். 2004இல் அவ்வேலையை விட்டு வேறிடத்துக்குக் கற்பிக்கச் சென்றவர். தம் பிள்ளைகளோடு டோவரிலேயே வாழ்ந்தவர். தேவாலயப் பணியில் ஈடுபட்ட கிறிஸ்தவர். அத்தகையவரையும் ஊரில் சிலர் நாஸ்திகர் என்று தூற்றினர்! பக்தியைத் தேர்தல் முதலாக்கியவர்களுக்கு எதிரியின் பக்தி கண்ணிற் படுமா?

வழக்கோடு நில்லாமல் றேம் தேர்தலிலும் நின்றார். இரு கட்சியினரும் கலந்த எண்மர் அணியாக அவர்கள் வீடு வீடாகச் சென்றனர். வடிவமைப்புக் கொள்கையைப் பேசவே கூடாதென்று அவர்கள் கூறவில்லை. விரும்பிய மாணவர் கற்கும் சமய ஒப்பீட்டு வகுப்பில் பேசலாம், உயிரியலில் வேண்டாம் என்றனர். 2005 நவம்பர் 8ஆம் திகதி, தேர்தலுக்கு வந்த எட்டு ஆசனங்களிலும் பழைய அங்கத்தவர் எண்மரும் தோற்றனர். வாக்கு வித்தியாசம் பெரிதன்று. ஒரு சாவடியில் வாக்கு யந்திரம் பழுதுற்றதால் றேமின் ஆசனத்துக்கு மாத்திரம் 2006 ஜனவரியில் மறுவாக்கு நடந்தது. அதிலும் அவரே வென்றார். தேர்தல் முடிந்த இரண்டாம் நாள், பற் றொபேட்சன் என்னும் தொலைக்காட்சிப் போதகர், டோவர் மக்கள் கடவுளையே தம் ஊரிலிருந்து வாக்களித்து விலக்கிவிட்டனர் எனச் சீறினார். விலக்கப்பட்டது கடவுளல்ல, கடவுளின் பெயரால் நாற்காலி பிடித்தவர்களே என்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

2005 டிசம்பர் 20ஆம் திகதி தீர்ப்பு வெளிவந்தது. எழுதியவர் நீதிபதி ஜோன் ஜோன்ஸ். ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் நியமித்தவர். 139 பக்கங்களில், சபையின் தீர்மானம் அரசியலமைப்புக்கு விரோதமென அவர் விதித்தார். அதிலும் வெட்கத்துக்குரியது மற்றொன்று. பாடசாலைக்கு இலவசமாக வந்த அறுபது நூல்களுக்கான பணம், பக்கிங்ஹாம் தம் தேவாலயத்தில் திரட்டியது. அவர் எழுதிய காசோலை பொன்செலின் தந்தையார் பெயருக்குச் சென்றது. அப்பணத்தின் மூலம் தமக்குத் தெரியாதென்று இருவரும் சத்தியம் செய்து வாக்குமூலம் அளித்திருந்தனர். அவர்கள் பொய்யுரைத்தனர் என்று நீதிபதி எழுதிவைத்தார். வேதத்தின் பெயரால் வந்தவர்கள் வேதத்தின் கட்டளையையே மிதித்தார்கள்.

சபைக்காக வாதாடிய வழக்கறிஞர் சங்கம் கட்டணம் கேட்கவில்லை. ஆனால் தோற்றவர் வென்றவரின் செலவைக் கொடுக்க வேண்டுமே! இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட அத்தொகையை வாதிகளின் வழக்கறிஞர் பத்து இலட்சமாகக் குறைத்துக்கொண்டனர். அதைக் கொடுத்தது குற்றம் செய்தோர் பையல்ல, ஊராரின் வரிப்பணம்.

எமது நாட்டில் பாடத்திட்டம் வகுக்கும் சபைக்கு ஊரார் வாக்களிப்பதில்லை. ஆயினும் ஒவ்வொரு பாடசாலையிலும் அபிவிருத்திச் சங்கம் உண்டு. அதன் செயற்குழுவுக்குப் பெற்றோரே பெற்றோரைத் தெரிகின்றனர். அன்று மண்டபத்தின் பாதி வெறுமையாய்க் கிடக்க, யாரோ ஒரு பெயரை முன்மொழிய, யாரோ வழிமொழிய, மற்றோர் தலையசைத்து வீடு திரும்புகின்றோம். பிறகு கணக்குச் சரியில்லை என்று ஒழுங்கையில் நின்று முணுமுணுக்கின்றோம். இக்குற்றத்தில் எமக்கும் பங்குண்டு.

டோவர் மக்கள் பிழைவிட்டனர், பிழையைக் கண்டனர், தம் வாக்கினாலேயே திருத்தினர். றேம் புனிதர் என்பதற்காக நாம் அவரைப் போற்றவில்லை. வகுப்பறையை அறிந்தவர், நோக்கத்தை ஒளிக்காமல் வாக்குக் கேட்டவர் என்பதற்காகவே போற்றுகிறோம். அடுத்த கூட்டத்தில் ஒரு பெயர் முன்மொழியப்படும்போது கமக்காரரே, உத்தியோகத்தரே, எழுந்து நின்று மூன்று கேள்வி கேளுங்கள்: இவர் இதுவரை செய்தது என்ன? இனிச் செய்ய விரும்புவது என்ன? பணம் எங்கிருந்து வருகிறது?

விடை சொல்லக் கூசுபவருக்கு நாற்காலி எதற்கு?