காத்திருக்காத தாளம்

கோலாலம்பூர், பினாங்கு, சிங்கப்பூர் முதலிய நகரங்களில் உணவகங்களிலும் சமூக மண்டபங்களிலும் ‘திறந்த மேடை’ இசை மாலைகள் நடைபெறுவது புதிதன்று. பெயரைப் பதிந்துகொண்ட எவரும் மேடை ஏறிப் பாடலாம். தகுதித் தேர்வும் இல்லை, பரிசும் இல்லை. தயங்கி நிற்கும் இளங்குரலுக்கு அதுவே முதல் வாயில். அவ்வாயில் மேலும் அகலத் திறக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் வழியே உள்ளே நுழைந்துவிட்ட ஒரு தீய வழக்கத்தைச் சுட்டிக்காட்டாமல் விடுவது நேர்மையாகாது.

மேடை ஏறும் தமிழ் இளைஞர் பலர் மிருதங்கக்காரரையோ ஆர்மோனியக்காரரையோ உடன் அழைத்து வருவதில்லை. கைத்தொலைபேசியை ஒலிபெருக்கியுடன் இணைக்கின்றனர். சென்னையில் என்றோ பதிவான திரைப்பாடலின் இசை, குரல் நீக்கப்பட்டு முழங்குகிறது. அதன்மேல் தம் குரலை ஏற்றுகின்றனர். இதற்கே ‘நேரடி இசை’ என்று பெயர்! பாடுபவர் ஒருவர் மட்டும் உயிரோடு நிற்க, எஞ்சியதெல்லாம் பெட்டிக்குள்ளிருந்து வருமாயின் அது எங்ஙனம் நேரடி இசையாகும்?

‘கராவோக்கே’ என்னும் ஜப்பானியச் சொல்லுக்கு ‘வெற்று வாத்தியக் குழு’ என்பது பொருள். 1971இல் கோபே நகரில் அதற்கொரு கருவியைச் செய்தவர் இனோவே டைசுகே. அவரே ஒரு பக்கவாத்தியக் கலைஞர். தம் இசைக்குப் பாடி வந்த ஒருவருடன் பயணம் செல்ல இயலாதபோது, இசையைப் பதிந்து கொடுத்தனுப்பினார். அதுவே அக்கருவிக்கு வித்தாயிற்று. வர இயலாத கலைஞனுக்கு மாற்றாகப் பிறந்த பொருள், வரக்கூடிய கலைஞனையும் இன்று வாயிலிலேயே நிறுத்திவிட்டது.

முதன்முறையாகப் பாடும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்க வேண்டும். அச்சத்தால் அரை மாத்திரை தாமதித்துத் தொடங்குகிறாள். ஒலிப்பதிவு காத்திருப்பதில்லை. சரணத்தை அவள் மறந்தாலும் அது நிற்பதில்லை. அவள் குரலுக்குச் சுருதி உயர்ந்துவிட்டது என்பதும் அதற்குத் தெரிவதில்லை. அவையோர் நகைக்க, அவள் மேடையை விட்டு இறங்குகிறாள். மீண்டும் ஏறுவது அரிது. அருகில் ஒரு தபேலாக் கலைஞர் அமர்ந்திருந்தால் அவள் முகம் பார்த்து ஓர் ஆவர்த்தனம் கூடுதலாக வாசித்திருப்பார். ஆர்மோனியக்காரர் சுருதியைத் தாழ்த்திக் கொடுத்திருப்பார். தவறு தவறாகவே தெரிந்திராது.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இது புதிய செய்தியன்று. மாதவியின் ஆடலைச் சொல்லப் புகுந்த இளங்கோவடிகள், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளைத் தனித்தனியே விரித்துரைக்கிறார். பிற கருவிகளின் குறையை நிரப்பி மிகையை அடக்குதல் தண்ணுமையாசிரியனின் கடன் என்பர் உரைகாரர். நிரப்புவதற்கும் அடக்குவதற்கும் முதலில் கேட்கும் செவி வேண்டும். பெட்டிக்கு வாய் உண்டு, செவி இல்லை.

பக்கவாத்தியர் இங்குக் கிடைப்பதில்லை என்பர் சிலர். சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949இலும், கோலாலம்பூரின் நுண்கலைக் கோயில் 1981இலும் தோன்றியவை. அங்கெல்லாம் பயின்றோர் எங்கே போயினர்? மலேசியக் கோயில் திருவிழாக்களில் உறுமி மேளம் முழக்கும் இளைஞர் கூட்டத்தைக் கண்டும் கலைஞர் இல்லையென்பது பொருந்துமா? கலைஞர் உளர், அழைப்பவரே இலர். செலவு மிகும் என்பர் வேறு சிலர். ஒரு தபேலாவும் ஓர் ஆர்மோனியமும் போதும். பெரிய வாத்தியக் குழுவை எவரும் கேட்கவில்லை. ஒலிப்பதிவில் உள்ள நிறைவு இரு கருவிகளில் வருமா என்பதும் ஒரு வினா. வாராது. ஆனால் பிறர் பாடலின் நிறைவை இரவல் வாங்குவதைவிடத் தன் பாட்டின் குறையோடு வளர்வதே கலைக்கு அழகு.

திரைப்பாடல் பாடுவது குற்றமன்று; அதைப் பதிவின் நிழலில் நின்று பாடுவதே குற்றம். நிழலில் நிற்பவன் தனக்கென ஒரு மெட்டை அமைக்க ஒருநாளும் துணியான். இம்மண்ணில் பிறக்க வேண்டிய பாட்டுக்கு ஆயத்த ஒலிப்பதிவு ஏது?

ஆதலின் தமிழாசிரியர் ஒன்று செய்யலாம். பாடத் தெரிந்த மாணவனையும் கொட்டத் தெரிந்த மாணவனையும் ஒருங்கே அழைத்துச் சென்று திறந்த மேடையில் ஏற்றலாம். முதல் மாலையில் தாளம் தடுமாறும். தடுமாறட்டும். ஒருவர்க்காக ஒருவர் காத்திருக்கக் கற்கும் இடமே மேடை.