கொலை நாடகம்னா அவ்வளவு இளக்காரமா?

சாயங்காலம் பீச் ரோட்டில் வண்டிகளை நிறுத்தின பிறகு நடந்துகிட்டே நாடகம் பேசுறது எங்க செட்டுக்கு வழக்கம். போன வாரம் அடுத்து எதைப் போடலாம்னு பேச்சு வந்தது. "ஒரு கொலைக் கதை போடலாமே" என்றேன். கெட்ட வார்த்தை பேசின மாதிரி பார்த்தாங்க. "அதெல்லாம் டைம்பாஸ். யார் கொன்னான்னு தெரிஞ்சா முடிஞ்சது. நாடகம்னா சமூகத்தைப் பேசணும்"னு நண்பர் தீர்ப்பே எழுதிட்டார். நமக்குத்தான் அந்த இடத்தில் பதில் வராதே! ராத்திரி படுத்த பிறகுதான் வந்தது. அதான் இந்தப் பதிவு.

தெரிஞ்சா முடிஞ்சதா? நம்ம கருவடிக்குப்பத்தில் அடங்கியிருக்கிற சங்கரதாஸ் சுவாமிகளைக் கேளுங்க. 1922-ல் புதுச்சேரியில் காலமானவர். அவரோட கோவலன் நாடகத்தில் சிலம்பைத் திருடினது யார்னு கொட்டகையில் இருந்த குழந்தைக்கும் தெரியும். தெரிஞ்சேதான் விடிய விடிய உட்கார்ந்தாங்க. சிலம்பு உடையுறப்போ உள்ளே முத்தா, மாணிக்கமா? அதுதான்யா சாட்சியம்! விசாரிக்காம வெட்டச் சொன்ன ராஜாவை, சபை நடுவில் ஒரு பெண் ஆதாரத்தோட மடக்குறா. அரிச்சந்திரன் கதையிலும் சந்திரமதி மேல் கொலைப்பழி, வாள் புருஷன் கையில். இதெல்லாம் சமூகம் இல்லையா?

1966-ல் படமாவும் வந்த கே.பாலசந்தரோட 'மேஜர் சந்திரகாந்த்' நாடகத்தை எடுத்துக்குங்க. கொன்னது யார்னு நமக்குத் தெரியும். அவனுக்கு அடைக்கலம் கொடுக்கிற பார்வையில்லாத மேஜருக்குத்தான், செத்தது தன் மகன்னு தெரியாது. மேஜரா நடிச்ச சுந்தரராஜனுக்குக் கடைசி வரைக்கும் அந்தப் பட்டம் ஒட்டிக்கிச்சு.

சரி, வெள்ளைக்காரன் சரக்கையே பார்ப்போம். அகதா கிறிஸ்டியோட 'மவுஸ்ட்ராப்' 1952 நவம்பர் 25-ல் லண்டனில் தொடங்கினது. 2020-ல் கொரோனா நிறுத்தி வச்சுது, 2021-ல் திரும்ப ஆரம்பிச்சாங்க. கொலையாளி யார்னு வெளியே சொல்லாதீங்கன்னு முடிவில் கேட்டுக்குவாங்க. ஆனா அந்தக் கதைக்கு வித்து ஒரு நிஜச் சம்பவம். 1945-ல் இங்கிலாந்தில், அரசாங்கம் வளர்க்கக் கொடுத்த பண்ணை வீட்டில் 12 வயசுப் பையன் அடியிலும் பட்டினியிலும் செத்துப்போனான். டைம்பாஸாம்!

சினிமாவில் எதைப் பார்க்கணும்னு கேமரா சொல்லும். மேடையில் அந்த வசதி கிடையாது. கொலைகாரன் நம்ம கண்ணெதிரிலேயே காபி குடிச்சிட்டு உட்கார்ந்திருப்பான். எவன் கை நடுங்குதுன்னு நாமதான் கவனிக்கணும். நிஜத்தில் வாய்தா மேல வாய்தா வாங்கி வருஷக்கணக்கில் இழுக்கிற விசாரணை, இங்கே ரெண்டரை மணி நேரத்தில் எல்லார் முன்னாலும் நடந்து முடியுது. ஜனங்க தேடி வர்றது அந்த விசாரணையைத்தான். ரத்தத்தைப் பார்க்க இல்லை.

மட்டமான கொலை நாடகம் இல்லையான்னா, இருக்கு. கடைசி சீன்ல திடீர்னு ஒரு இரட்டைப் பிறவியைக் கூட்டிட்டு வந்து நிறுத்துவாங்க. லாக்கில் எங்கேயும் பதிவாகாத தப்பைக் காரணம் காட்டி பக்கை மூடுற மாதிரி. எங்க டீம்ல அப்படிச் செஞ்சா உதைப்பாங்க. அந்த மாதிரி நாடகத்தைத் திட்டுங்க, நானும் வர்றேன். அதுக்காக மொத்த வகையையும் தள்ளி வைக்கிறது என்ன நியாயம்? சுஜாதா எழுதின 'டாக்டர் நரேந்திரனின் விநோத வழக்கு' நாடகத்தைப் பூர்ணம் விஸ்வநாதன் குழு மேடையேத்தினப்போ யாரும் அதை மட்டம்னு சொல்லலையே!

இந்த வாரமும் அடம்பிடிக்கத்தான் போறேன். பிணமா நடிக்க ஆள் கிடைக்கலைன்னா நானே படுத்துக்கிறேன். வசனம் மறந்துடுமோங்கிற பயமாவது இல்லை பாருங்க!