பெட்டிக்குப் பூத் தூவிய ஊர், படத்தைத் தொலைத்துவிட்டது!

1931-ம் ஆண்டு. தமிழின் முதல் பேசும் படம் "காளிதாஸ்" பம்பாயிலிருந்து ரயிலில் வந்து இறங்கியது. சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து வால்டாக்ஸ் ரோடு வழியாகப் படப்பெட்டி போனபோது, ஜனங்கள் பூத் தூவி, தேங்காய் உடைத்து, கூடவே ஊர்வலம் போனார்கள் என்று சொல்வதுண்டு. படம் ஓடியது தங்கசாலைத் தெரு கினிமா சென்ட்ரலில். பிற்காலத்தில் முருகன் தியேட்டர் என்றால்தான் வடசென்னைக்காரர்களுக்குப் புரியும்.

அந்தப் படம் இன்று எங்கே? எங்குமே இல்லை! டி.பி. ராஜலட்சுமி கதாநாயகியாகப் பேசிப் பாடிய அந்தப் படத்தில் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. கீழ்ப்பாக்கத்தில் நடராஜ முதலியார் எடுத்த ஊமைப்படம் "கீசக வத"த்துக்கும் அதே கதிதான்.

வெள்ளிக்காகப் போன படங்கள்

அந்தக் காலத்து நைட்ரேட் சுருள் சீக்கிரம் தீப்பிடிக்கும். வெயிலிலும் புழுக்கத்திலும் தானே உருகிப் பிசினாகிவிடும். போதாக்குறைக்குப் பழைய சுருளிலிருந்து வெள்ளி எடுக்கலாம் என்று எடைக்குப் போட்டவர்களும் உண்டு. "ஓடி முடிஞ்ச படம்தானே, இனிமே யார் பார்க்கப் போறாங்க?" என்பதுதான் அன்றைய நினைப்பு.

யார் பார்க்கப் போகிறார்களா? 1964-ல் வந்த "கர்ணன்" புது மெருகோடு 2012-ல் திரும்பி வந்து 100 நாட்களைத் தாண்டியது. 1965-ல் வந்த "ஆயிரத்தில் ஒருவன்" 2014-ல் வந்து சென்னையில் வெள்ளி விழாவே கண்டது. தாத்தாவும் பேரனும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கைதட்டினார்கள்!

சிவாஜி, எம்.ஜி.ஆர். படம் என்றால் காசு போட ஆள் வரும். மற்றதெல்லாம்? பாட்டே இல்லாமல் 1954-ல் வந்த "அந்த நாள்" வசூலில் சாதித்த படமல்ல. இன்று அதைப் பேசாமல் தமிழ் சினிமா வரலாறு இல்லை. அன்றைய வசூலை மட்டும் பார்த்து எடைக்குப் போட்டிருந்தால்?

"யூடியூபில்தான் எல்லாம் இருக்கே" என்று கேட்கலாம். அதில் பாதி, டி.வி.க்காக எடுத்த மங்கலான நகல். வெட்டுப்பட்ட இடம் வெட்டுப்பட்டதுதான். அசல் நெகட்டிவ் இருந்தால்தான் நல்ல பிரதி எடுக்க முடியும். அது போனால் பத்திரம் தொலைந்து ஜெராக்ஸ் மட்டும் கையில் இருப்பது போலத்தான்.

யார் பொறுப்பு?

மத்திய அரசு பூனாவில் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதே 1964-ல்தான். அதற்குள் போனது போய்விட்டது. மிஞ்சியதையாவது காக்க வேண்டாமா? தயாரிப்பாளர்களின் வாரிசுகள் பரண், குடோன் எல்லாம் ஒருமுறை பார்க்கட்டும். தகரப் பெட்டியைத் திறந்ததும் புளித்த காடி வாடை அடித்தால் சுருள் அழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே காப்பகத்துக்கு அனுப்பட்டும். படம் எடுத்த ஊரிலேயே குளிரூட்டிய அறையும் ஆளும் பணமும் ஒதுக்க மாநில அரசும் முன்வரட்டும்.

நூற்றாண்டு விழா எடுப்பதும் சிலை வைப்பதும் நல்லதுதான். ஆனால் நடித்தவருக்குச் சிலை இருந்து, நடித்த படம் இல்லாமல் போனால், அந்தச் சிலை யாருடையது என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள்!