இரவு பத்து மணி வகுப்பு

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் லைன் சூப்பர்வைசராக இருக்கும் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, இரவு பத்து மணிக்குச் செல்போனை அஞ்சறைப் பெட்டிமேல் சாய்த்துவைத்து ஆன்லைனில் எம்.பி.ஏ. பாடம் கேட்கிறார். காலையில் கோபித்துக்கொண்டு போன டெய்லரை எப்படித் திரும்ப அழைப்பது என்ற கவலையும் அன்றைய பாடமும் அவர் நோட்டில் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. தலைமைப் பண்பை இப்படிப் படித்தால்தான் ஒட்டும். 1985-ல் இக்னோவும் 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வந்தது இவரைப் போன்றவர்களுக்காகத்தான். அனுமதி பெற்ற ஆன்லைன் பட்டம் கல்லூரிக்குப் போய் வாங்கும் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி.யின் 2020 விதிமுறைகளே சொல்கின்றன. ஆனாலும் நேர்காணலில் "கரஸ்ஸா?" (தபால்வழிப் படிப்பா?) என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். இது அநியாயம். ஆன்லைன் படிப்பில் சேர நினைப்பவர்கள், அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று யு.ஜி.சி. இணையதளத்தில் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: இப்படிப் படிக்கும் ஊழியருக்குத் தேர்வு நாளில் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். அவர் கற்பதில் முதல் லாபம் உங்கள் லைனுக்குத்தான்.