கேட்க வருபவளுக்குக் கதவு திறப்போம்

"கொஞ்சம் மெலிந்தால் அழகாயிருப்பாய்" என்ற பேச்சைக் கேட்காத மாணவியர் நம்மில் குறைவு. பருத்துவிடுவோமோ என்றஞ்சி உணவைத் தவிர்ப்பதும், உண்டதை வலிந்து வாந்தியெடுப்பதும் உண்ணல் கோளாறு என்னும் நோயின் அடையாளங்கள்.

பிஜித் தீவின் நட்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. எடை குறைக்க வாந்தியெடுத்ததாக அவ்வேளை ஒரு மாணவிகூடச் சொல்லவில்லை. 1998இல் 11.3 வீதமானோர் சொன்னார்கள். இதைக் கண்டறிந்த ஆன் பெக்கர், ஏற்கெனவே அம்மக்களோடு தங்கி ஆய்வு செய்தவர்.

நம்மிடம் கேட்பவர் யார்? மேலைநாட்டு வினாக்கொத்தொன்று, உடல் எடைக்காக 8 மணித்தியாலங்களுக்கு மேல் உண்ணாதிருந்தீர்களா என்கிறது. ரமழானில் இதற்கு என்ன விடையெழுதுவது? நோன்பாளியையும், நோன்பின் மறைவில் தன்னை வருத்துபவளையும் பிரித்தறிய, நம் மொழியும் வாழ்வும் அறிந்த இளம் ஆய்வாளர்கள் வேண்டும்.

பெற்றோரே, உளவியல் கற்க விரும்பும் மகளைத் தடுக்காதீர்கள். பேராதனையிலிருந்து ஓர் ஆய்வு மாணவி வந்தால், சம்மதப் படிவத்தை வாசித்துக் கையொப்பமிடுங்கள். அவளது பயணச் செலவைப் பழைய மாணவியர் ஏற்கலாம். சகோதரிகளே, நாம் உண்மையை எழுதுவோம். நோயை மறைத்தால் மருந்து எங்கிருந்து வரும்?